கமடோர்னா அட்மிரலா, இல்லையா?

உப்புக்காத்து | ஜனவரி 9, காலை 8:12

எங்க அபார்ட்மென்ட்ல ஒரு பெரியவர் நேவில கமடோரா இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பேரன் எங்க பையன்கிட்ட "எங்க தாத்தா அட்மிரல்"ங்கிறான். என் மச்சான் மெர்ச்சண்ட் நேவி, அவன் "கமடோர்லாம் அட்மிரல் கிடையாது, சீனியர் கேப்டன், அவ்ளோதான்"ங்கிறான். போட்டோல பாத்தா கேப்டனுக்குக் கையில நாலு பட்டை, கமடோருக்கு ஒரே ஒரு பட்டை. அப்ப யார் பெரியவர்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 9, இரவு 9:40

கமடோர்தான் பெரியவர், கேப்டனுக்கு ஒரு படி மேல. ஆனா அட்மிரல் கிடையாது. இந்தியன் நேவில கமாண்டர், கேப்டன், கமடோர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல்னு வரிசை போகும், ஆர்மில கமடோருக்குச் சமம் பிரிகேடியர். அந்த ஒத்தைப் பட்டை அகலப் பட்டை, மேல ஒரு வளையம் இருக்கும், உத்துப் பாருங்க. நாலு சின்னது போய் ஒரு பெருசு.

பேரன் சொல்றதும் மச்சான் சொல்றதும் ரெண்டுமே பாதி சரி, ஏன்னா அந்தப் பதவியே பாதிப் பதவி. முந்நூறு வருஷமா அப்படித்தான். அட்மிரல் வேலை பாக்க ஆள் வேணும், ஆனா அட்மிரல்னு போட மனசில்ல, காசில்ல, இல்ல போட்டா வரிசையில நிக்கிற மத்தவன் கத்துவான், இந்த மாதிரி சமயத்துல கண்டுபிடிச்சதுதான் கமடோர். விவரமா நாளைக்கு எழுதறேன், கரண்ட் போகப் போகுது.

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 10, காலை 6:55

நான் நேவில ரைட்டர். கதை எழுதற ரைட்டர் இல்ல, அப்படி ஒரு பிராஞ்ச், சம்பளம், லீவு, ப்ரமோஷன் பேப்பர் எல்லாம் நம்ம டேபிள்ல. அதனால பதவின்னாலே எனக்கு சம்பள ஷீட்தான் ஞாபகம் வரும்.

பழைய பிரிட்டிஷ் நேவில ஒரு விதி. ஒருத்தன் போஸ்ட் கேப்டன், அதாவது முழு கேப்டன் ஆயிட்டா அவன் பேர் ஒரு லிஸ்ட்ல ஏறிடும், மேல உள்ளவன் சாகணும் இல்ல அட்மிரல் ஆகணும், அப்பதான் இவன் ஒரு படி நகருவான். எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் தாண்டிப் போக முடியாது. லிஸ்ட்ல நூறாவது இடத்துல இருக்கற கேப்டன அட்மிரல் ஆக்கணும்னா மேல இருக்கற அத்தன பேரையும் முதல்ல ஆக்கணும், அதுல பாதிப் பேர் கப்பல் ஏறவே லாயக்கில்லாத கிழடு. அந்தக் கிழடுகளுக்காகவே 1747ல ஒரு வழி பண்ணாங்க, அட்மிரல்னு பேர் குடு, ஆனா படைப்பிரிவு எதுவும் குடுக்காத, அரைச் சம்பளத்தோட வீட்ல உக்காரு. அவங்களுக்கு மஞ்சள் அட்மிரல்னு கிண்டல் பேரு, ஏன்னா அப்ப கடற்படை சிவப்பு, வெள்ளை, நீலம்னு மூணு பிரிவு, மஞ்சள்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

இந்த லிஸ்ட்ட ஏமாத்தற குறுக்கு வழிதான் கமடோர். கேப்டன் கேப்டனாவே இருப்பான், நாலஞ்சு கப்பலக் குடுத்து தூர தேசத்துக்கு அனுப்புவாங்க, பாய்மரத்துல வால் பிளந்த ஒரு அகலக் கொடி ஏத்திக்கலாம், கொஞ்சம் கூடுதல் படி. வேலை முடிஞ்சு கொடிய இறக்கினா மறுபடியும் வெறும் கேப்டன். ஆக்டிங் அலவன்ஸ் வாங்கிட்டுப் பொறுப்பு ஹெட்மாஸ்டரா இருக்கற ஆள நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல பாத்திருப்பீங்க, அதேதான்.

இங்கிலாந்துக்கு இந்தப் பழக்கம் டச்சுக்காரங்ககிட்ட இருந்து வந்தது. 1688க்கு அப்புறம் டச்சு வில்லியம் அங்க ராஜா ஆனாருல்ல, அவரோட சேந்து வந்த சரக்கு. டச்சு நேவில அந்தப் பதவி இன்னைக்கும் இருக்கு.

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 10, மதியம் 1:20

பிரிட்டிஷ் நேவியோட பெரிய ஹீரோ நெல்சனச் சொல்லாம விட்டா திட்டுவீங்க. 1797 பிப்ரவரி 14, செயின்ட் வின்சென்ட் முனைச் சண்டை, அன்னைக்கு நெல்சன் அட்மிரல் இல்ல, கமடோர். ஸ்பெயின்காரன்கிட்ட 27 பெரிய கப்பல், இவங்ககிட்ட 15. உத்தரவு வராமலே வரிசைய விட்டு வெளிய வந்து குறுக்க பாஞ்சு, ரெண்டு ஸ்பானிஷ் கப்பல ஒண்ணு மேல ஒண்ணா ஏறிப் பிடிச்சார். பிப்ரவரி 20 தேதியிட்டு ரியர் அட்மிரல் ப்ரமோஷன். சண்டைக்குக் குடுத்த பரிசுன்னு எல்லாரும் நினைப்பாங்க, கிடையாது, சண்டை நடந்த செய்தியே அப்ப லண்டன் போய்ச் சேரல. லிஸ்ட்ல அவர் முறை வந்துச்சு, அவ்ளோதான். எனக்கு இதுதான் நெல்சன் வரலாத்துலயே ரொம்பப் பிடிச்ச பக்கம், பேப்பர் தன் வேலைய தன் பாட்டுக்குப் பாத்துட்டு இருந்திருக்கு.

உப்புக்காத்து | ஜனவரி 10, மாலை 4:02

சூப்பர் சார். ஆனா இதெல்லாம் வெள்ளக்காரன் கதை, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 10, இரவு 10:15

சம்பந்தமா. நான் உக்காந்து டைப் பண்ற இடத்துல இருந்து நடந்தே போயிடலாம், கோட்டை. செயின்ட் டேவிட் கோட்டை, கடலூர் தேவனாம்பட்டினம். இப்ப மிச்சம் ஒண்ணும் பெருசா இல்ல, கெடிலம் ஆத்து முகத்துவாரத்துப் பக்கம் கொஞ்சம் செங்கல் சுவரு, முள்ளு, ஆடு மேயும். 1746ல இங்கதான் கமடோர் கர்ட்டிஸ் பார்னெட் செத்துப்போனார். கோரமண்டல் கடல்ல இருந்த பிரிட்டிஷ் கப்பல்களுக்கெல்லாம் அவர்தான் தலை. வந்த புதுசுல கிழக்க பிரெஞ்சுக்காரனோட சீனா வியாபாரக் கப்பல்களப் பிடிச்சுக் கலக்கின ஆளு. திடீர்னு போயிட்டார். அடுத்த சீனியர் கேப்டன் யாரு? எட்வர்ட் பெய்டன். தேர்ந்தெடுத்து யாரும் போடல, லிஸ்ட்ல அடுத்த பேர் அது, மறுநாளே அவர் கமடோர்.

அந்த ரெண்டு மாசத்துக்குள்ளயே பிரெஞ்சு கவர்னர் லா பூர்தொன்னே மொரீஷியஸ்ல இருந்து ஒன்பது கப்பலோட வந்துட்டார். அதுல பாதிக்கு மேல பீரங்கி ஏத்தின வியாபாரக் கப்பல். பெய்டன்கிட்ட ஆறு, ஆனா அசல் போர்க்கப்பல். நாகப்பட்டினத்துக்கு எதிர்ல சாயங்காலம் வரைக்கும் தூரத்துல இருந்தே சுட்டுக்கிட்டாங்க, யாரும் ஜெயிக்கல. விடிஞ்சதும் பிரெஞ்சுக்காரன் அங்கயேதான் நின்னான். பெய்டன் தன் கேப்டன்கள எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு ஆலோசனை பண்ணி, கப்பல் ஒழுகுது, திருகோணமலைக்குப் போய் ரிப்பேர் பண்ணலாம்னு முடிவெடுத்துப் போயிட்டார். அப்புறம் ஒரு தடவை திரும்பி வந்தார், நாகப்பட்டினத்துப் பக்கம் பிரெஞ்சுக் கப்பலப் பாத்தார், மோதாம விலகினார், கடைசில வங்காளத்துக்கே போயிட்டார். மெட்ராஸ் தனியா நின்னுச்சு. செப்டம்பர்ல ஜார்ஜ் கோட்டை விழுந்துச்சு. அங்க கணக்கு எழுதிட்டு இருந்த ராபர்ட் கிளைவ்னு ஒரு பையன் தப்பிச்சு ஓடி வந்து சேந்த இடம், இதே எங்க தேவனாம்பட்டினம்.

ஒரு சீனியாரிட்டி லிஸ்ட் மெட்ராஸையே தூக்கிக் குடுத்துச்சு. இது என் கருத்து, சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

சிலோன்காரன் | ஜனவரி 11, காலை 7:30

அண்ணை, நாகபட்டினச் சண்டை ஜூலை 6 எண்டுதான் நான் வாசிச்சது, வேற ஒரு இடத்தில ஜூன் 25 எண்டு கிடக்கு. எது சரி?

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 11, காலை 9:05

ரெண்டும் ஒரே நாள்தான் தம்பி. அப்ப இங்கிலாந்துக்காரன் பழைய காலண்டர், பிரெஞ்சுக்காரன் புது காலண்டர், 11 நாள் வித்தியாசம். 1752லதான் இங்கிலாந்து மாறுச்சு. மெட்ராஸ் விழுந்ததும் அதே மாதிரி செப்டம்பர் 10னும் 21னும் ரெண்டு தேதி சுத்தும்.

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 11, இரவு 11:30

ராத்திரி யோசிச்சுப் பாத்தேன், பெய்டன் மேல கொஞ்சம் அதிகமாவே ஏறிட்டமோன்னு தோணுது. அவரோட சொந்தக் கப்பல் மெட்வே நிஜமாவே ஒழுகிட்டு இருந்துச்சு. இன்னொண்ணு, அவரும் அந்த ஆலோசனைல உக்காந்த மத்த கேப்டன்களும் நேத்து வரைக்கும் ஒரே வரிசை. அட்மிரல்னா உத்தரவு போடுவான். இவர் கேட்டார். எல்லாரும் போலாம்னு சொன்னாங்க, போனார். பேர் மட்டும் ஏறி அதிகாரம் முழுசா ஏறாத ஆள் வேற என்ன பண்ணுவான்? நேத்து வரைக்கும் ஒரே மெஸ்ல சாப்பிட்டவனுக்கு இன்னைக்கு உத்தரவு போடற கஷ்டம் யூனிஃபார்ம் போட்டவங்களுக்குத் தெரியும்.

ஆனா அடுத்து நடந்ததக் கேளுங்க. இங்கிலாந்துல இருந்து தாமஸ் கிரிஃபின் வந்து பெய்டன பொறுப்புல இருந்து இறக்கி ஊருக்கு அனுப்பிட்டார். 1749ல பெய்டன் செத்தும் போயிட்டார். அவர இறக்கின கிரிஃபின் என்ன கிழிச்சார்? 1748ல கடலூர்க் கடல்ல தன் கப்பல்களோட நின்னுட்டு இருக்கறப்பவே பிரெஞ்சுக்காரன் பூவே போக்குக் காட்டிட்டு மெட்ராஸ்ல ஆளையும் பணத்தையும் இறக்கிட்டுப் போயிட்டான். 1750ல கிரிஃபினுக்குக் கோர்ட் மார்ஷல், அலட்சியம்னு தீர்ப்பு, சஸ்பெண்ட். இத்தனைக்கும் அவர் அப்ப ரியர் அட்மிரல் ஆயாச்சு. அதனால முழு அட்மிரல்னா மட்டும் சரியா நடந்திருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். என் தியரில இது ஒரு ஓட்டை, இருக்கட்டும்.

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 12, காலை 7:10

சம்பள விஷயம் எழுதறேன்னு நினைச்சேன், நேத்து பெய்டன் இழுத்துட்டுப் போயிட்டார்.

ஏழாவது சம்பளக் கமிஷன்ல கேப்டனுக்கு லெவல் 13, ஆரம்பம் 1,30,600. ரியர் அட்மிரலுக்கு லெவல் 14, ஆரம்பம் 1,44,200. நடுவுல கமடோருக்கு? 13ஏ. ஆரம்பம் 1,39,600. முழு நம்பர் குடுக்கக்கூட மனசு வரல பாருங்க. நியாயமா சொல்லணும்னா கமாண்டருக்கும் 12ஏதான், அதனால கமடோர மட்டும் ஓரவஞ்சனை பண்ணாங்கன்னு சொல்ல முடியாது.

இதவிட முக்கியமானது எம்எஸ்பி, மிலிட்டரி சர்வீஸ் பே. ஆபீசர்களுக்கு மாசம் 15,500. அது எதுவரைக்கும்? பிரிகேடியர், கமடோர் வரைக்கும். ரியர் அட்மிரல் ஆனா எம்எஸ்பி நின்னுடும். அப்ப அரசாங்கம் எந்த இடத்துல கோடு போடுதுன்னு பாத்துக்கங்க, கமடோர் கோட்டுக்கு இந்தப் பக்கம். உப்புக்காத்து, உங்க மச்சானுக்கு இத அனுப்புங்க, ஜெயிச்சுட்டார்.

மரியாதைன்னு பாத்தா பேரன் பக்கமும் கொஞ்சம் வெயிட் இருக்கு. கமடோர் கார்ல ஒரு ஸ்டார் பிளேட் இருக்கும், கேப்டன் காருக்குக் கிடையாது.

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 12, மதியம் 3:45

பட்டை பத்தி ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. டெல்லில போஸ்டிங் இருந்தப்ப எங்க கேப்டனுக்கு கமடோர் ப்ரமோஷன் வந்துச்சு, குளிர்காலம், நீலக் கோட்டுல பட்டை மாத்தணும், மறுநாளே ஏதோ ஃபங்ஷன். கோட்ட எடுத்துட்டு டெய்லர்கிட்ட நான்தான் போனேன். வயசான ஆளு, பிளேட வச்சு ஒவ்வொரு நூலாப் பிரிச்சார், தங்கச் சரிகைப் பட்டை நாலும் கழண்டு வந்துச்சு, பட்டை இருந்த இடத்துல துணி மட்டும் புதுசு மாதிரி கருநீலமா நாலு கோடு, சுத்தி வெளுத்துப் போயிருக்கு. அகலப் பட்டைய வச்சா ரெண்டு கோடு மறையுது, மிச்சம் ரெண்டு பல்லக் காட்டுது. வளையத்த எங்க வச்சாலும் மறையல. டெய்லர் என்னப் பாத்து ஹிந்தில கேட்டார், "நாலு போயி ஒண்ணு வருது, சாப் என்ன தப்பு பண்ணார்?" கடைசில வேற கோட்டு எடுத்தோம். சாருக்கு அன்னைக்கு ப்ரமோஷன் செலவு.

பினாங்கு மணி | ஜனவரி 13, காலை 10:20

மலேசியாவுல கமடோர்னு கிடையாது அங்கிள், லக்சமானா பெர்த்தாமா, அதாவது முதல் அட்மிரல்.

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 13, மாலை 6:30

பாத்தீங்களா, அவங்க பிரச்சினைய ஒரே வெட்டுல முடிச்சுட்டாங்க, அட்மிரல்னே பேர் வச்சாச்சு. இந்தோனேசியாவுலயும் அதேதான். அந்த லக்சமானா நம்ம ராமாயண லட்சுமணன்தான், அண்ணனுக்குக் காவல் நின்னவர் அங்க போய்க் கப்பற்படைத் தளபதி ஆயிட்டார்.

அமெரிக்காக்காரன் பண்ண கூத்து இதுக்கு நேர் எதிர். அவங்களுக்கு அட்மிரல்ங்கிற பேரே ராஜா வாசனை அடிக்குதுன்னு நேவி ஆரம்பிச்சதுல இருந்து 1862 வரைக்கும் கேப்டனுக்கு மேல பதவியே வைக்கல. நாலு கப்பல் சேந்து போனா அதுக்குத் தலைவர கமடோர்னு மரியாதைக்குக் கூப்பிடுவாங்க, வேலை முடிஞ்சாலும் அந்தப் பேர் ஒட்டிக்கும், சாகற வரைக்கும் கமடோர்தான். 1853ல ஜப்பான் கதவத் தட்டின கமடோர் பெர்ரி இருக்காரே, பதவிப்படி அவர் கேப்டன். நாலு கப்பலோட உராகா பக்கம் போய் நின்னுட்டு, பெரிய அதிகாரி வந்தாத்தான் பேசுவேன்னு கறாரா உக்காந்து சாதிச்சார். அடுத்த வருஷம் ஒப்பந்தம்.

உள்நாட்டுப் போர் வந்ததும் 1862ல ஃபராகட்ங்கிற அதிகாரிய முதல் ரியர் அட்மிரல் ஆக்கி, கமடோரையும் நிஜப் பதவி ஆக்கினாங்க. 1899ல கமடோர எடுத்துட்டாங்க. எடுத்துட்டு என்ன பண்ணாங்கன்னா ரியர் அட்மிரலையே மேல் பாதி, கீழ் பாதின்னு ரெண்டாப் பிரிச்சு, கீழ் பாதிக்கு பிரிகேடியர் சம்பளம், ஆனா தோள்ல ரெண்டு ஸ்டார். ஆர்மிக்காரனுக்கு வயிறு எரியுமா எரியாதா? அதே சம்பளம் வாங்குற அவன் ஒரு ஸ்டார்தான் குத்திக்கிறான். உலகப்போர்ல 1943ல கமடோர் திரும்ப வந்துச்சு, முடிஞ்சதும் போச்சு. ஆர்மி முனகல் தாங்காம 1982ல கமடோர் அட்மிரல்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, பேரே ரெண்டு படகுல கால் வச்ச மாதிரி, அடுத்த வருஷம் வெறும் கமடோர், அதுவும் நிக்கல, ரெண்டு மூணு வருஷத்துல மறுபடியும் ரியர் அட்மிரல் கீழ் பாதி, இந்த தடவை ஒரு ஸ்டாரோட. பாதிப் பதவிக்குப் பாதின்னே பேர் வச்ச நாடு.

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 14, காலை 11:00

பொங்கல் வாழ்த்துகள். வீட்ல கரும்பு வெட்டச் சொல்றாங்க, அதுக்குள்ள சின்னதா.

சிலோன்காரன் தம்பி தனியா கேட்டிருந்தார், தமிழர் யாராவது கடற்படைத் தளபதியா இருந்திருக்காங்களான்னு. உங்க ஊர்லயே இருந்தாரே, ராஜன் கதிர்காமர், 1960ல இருந்து 1970 வரைக்கும் ராயல் சிலோன் நேவிக்குத் தலைவர், கமடோரா இருந்து ரியர் அட்மிரல் ஆனவர், அமைச்சரா இருந்த லக்‌ஷ்மன் கதிர்காமரோட அண்ணன். சின்ன நேவில கமடோரே தலைவரா இருக்கலாம், கப்பல் எண்ணிக்கையப் பொறுத்துப் பதவியும் வளரும். நம்ம நேவிக்கே 1968ல ஏ.கே. சாட்டர்ஜிக்கு ப்ரமோஷன் வர்ற வரைக்கும் இந்தியத் தலைவர்கள் வைஸ் அட்மிரல்தான், முழு அட்மிரல் கிடையாது. சென்னைலயும் அதே கதை, தமிழ்நாட்டு நேவி பொறுப்பு முன்னாடி கமடோர்கிட்ட இருந்துச்சு, இப்ப ரியர் அட்மிரல்.

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 16, இரவு 8:50

முதல் நாள் எழுதினதுல ஒண்ணு சேக்கணும். அட்மிரல் வேலைக்கு கேப்டன மேல தூக்கறதுன்னு சொன்னேன்ல, தலைகீழாவும் நடந்திருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல அட்லாண்டிக் கான்வாய். முப்பது நாப்பது வியாபாரக் கப்பல் கூட்டமா வரும், அதுக்குள்ள ஒழுங்கு பாக்க ஒருத்தர் வேணும், திரும்பு, வேகத்தக் குறை, விளக்க அணைன்னு கொடி ஏத்திச் சொல்லணும். இதுக்கு ரிட்டயர் ஆன அட்மிரல்கள் தானா முன்வந்தாங்க. வைஸ் அட்மிரலா இருந்தவர் கமடோர்னு இறங்கி, ஏதோ ஒரு சரக்குக் கப்பல்ல ஒரு ரூம் வாங்கிட்டு உக்காருவார். பாதுகாப்புக்கு வர்ற போர்க்கப்பல்ல ஒரு கமாண்டர் இருப்பார், வயசுல பையன் மாதிரி, ஆனா சண்டைன்னு வந்தா அவர் சொல்றதுதான் சட்டம். முன்னாள் வைஸ் அட்மிரல் கேட்டுக்கணும்.

1940 அக்டோபர்ல எஸ்சி 7னு ஒரு கான்வாய், கனடாவுல இருந்து 35 கப்பல். கமடோர், ரிட்டயர்ட் வைஸ் அட்மிரல் லாக்லன் மெக்கின்னன், அசிரியன்ங்கிற பழைய கப்பல்ல. கிளம்பறப்ப காவலுக்கு ஒத்தைக் கப்பல். நீர்மூழ்கிகள் கூட்டமா விழுந்து 20 கப்பல மூழ்கடிச்சது, அதுல அசிரியனும் ஒண்ணு. அந்தக் குளிர்த் தண்ணில கிடந்த மெக்கின்னன உயிரோட எடுத்தாங்க.

வீட்ல பென்ஷன் வாங்கிட்டு ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்தியிருக்க வேண்டிய ஆளுங்க. ப்ரமோஷன் பேப்பர் மேலயே வாழ்ந்த எனக்கு, பதவியக் குறைச்சுக்கிட்டுக் கடலுக்குப் போன இவங்க கணக்கு மட்டும் எந்த ஷீட்லயும் உக்கார மாட்டேங்குது.

உப்புக்காத்து | ஜனவரி 17, காலை 8:40

அந்தப் பெரியவர்கிட்டயே கேட்டுட்டேன் சார். சிரிச்சுட்டு "ஆபீஸ்ல கமடோர், வீட்ல லீடிங் சீமேன்"னார், அதாவது கீழ்மட்ட மாலுமியாம். அப்புறம் ஒரு சந்தேகம், பிரிட்டிஷ் நேவில இன்னைக்கும் அது தற்காலிகப் பதவிதானா? ஏர் கமடோரும் இதே மாதிரியா?

தேவனாம்பட்டினம் ரைட்டர் | ஜனவரி 17, மதியம் 12:25

பிரிட்டிஷ் நேவில முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்புன்னு கமடோர்ல ரெண்டு தினுசு இருந்துச்சு. முதல் வகுப்புக்காரருக்குக் கீழ கப்பல ஓட்ட தனியா ஒரு கேப்டன் இருப்பார், ரெண்டாம் வகுப்புக்காரர் தன் கப்பலயும் தானே பாத்துக்கணும். 1958ல அந்தப் பிரிவினைய எடுத்தாங்க. நிரந்தரப் பதவியா ஆனது 1990கள் கடைசிலதான், அது வரைக்கும் போஸ்டிங் முடிஞ்சா கேப்டன்தான்.

ஏர் கமடோர் வேற. 1919 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் விமானப்படை ஆர்ஏஎஃப் தனக்குன்னு பதவிப் பேர் வச்சப்ப நேவில இருந்து கடன் வாங்கினது, ஆரம்பத்துல இருந்தே நிரந்தரப் பதவி. நம்ம ஏர் ஃபோர்ஸ்லயும் அதான், குரூப் கேப்டனுக்கு மேல, ஏர் வைஸ் மார்ஷலுக்குக் கீழ. சம்பளம் அதே 13ஏ. பெரியவர் பேரன்கிட்ட 13ஏ பத்தி மட்டும் சொல்லிடாதீங்க.